பதினொரு மணி முன்னிலையும் 39 தொகுதிகளும்

சிங்கப்பூரில் தேர்தல் இரவு என்றால் எல்லாரும் காத்திருப்பது மாதிரி வாக்கு எண்ணிக்கைக்குத்தான். இரவு 8 மணிக்கு வாக்களிப்பு முடிந்து பெட்டிகள் எண்ணும் நிலையத்துக்கு வந்ததும், ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளை எதேச்சையாக எடுத்து எண்ணுகிறார்கள். அங்கே பதிவான மொத்த வாக்குகளுக்கு ஏற்ப எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். 2015 பொதுத் தேர்தலிலிருந்து தேர்தல் துறையே இதை வெளியிடுகிறது. பிழை வரம்பு 4 விழுக்காட்டுப் புள்ளி, நம்பகம் 95 விழுக்காடு. 58க்கு 42 என்று அந்த எண் வந்துவிட்டால் அந்தத் தொகுதியில் யார் வென்றார் என்பது தெரிந்துவிட்டது.

இதே பழக்கத்தோடு தமிழ்நாட்டின் மக்களவைத் தேர்தல் எண்ணிக்கையைப் பார்க்கும்போதுதான் தடுமாறுகிறோம். இந்திய நேரம் காலை 8, சிங்கப்பூர் நேரம் 10.30க்கு எண்ணிக்கை தொடங்குகிறது. பதினொரு மணியை ஒட்டி ‘முன்னிலை’ வர ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரின் தேக்காவில் சாப்பாட்டுக் கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதை மாதிரி எண்ணிக்கையைப் போலவே எடுத்துக்கொண்டு வாழ்த்தும் வருத்தமும் பரிமாறப்படுகின்றன. அந்த முன்னிலை மாதிரி எடுத்து வந்த எண் அல்ல. வரிசைப்படி எண்ணுவதில் முதலில் அகப்பட்ட துண்டு அது. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்தால் எண்ணிக்கை நாளின் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் மக்களவைக்கு 39 தொகுதிகள், சட்டமன்றத்துக்கு 234. ஆகவே ஒரு மக்களவைத் தொகுதிக்குள் சரியாக ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எண்ணிக்கை நடப்பது மக்களவைத் தொகுதிவாரியாக அல்ல, இந்த ஆறு துண்டுகளாக. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் தனிக் கூடம், கூடத்துக்குப் பொதுவாக 14 மேசை. முதல் சுற்றில் 1 முதல் 14 வரையிலான வாக்குச்சாவடிகளின் இயந்திரங்கள் மேசைக்கு வரும். இரண்டாம் சுற்றில் 15 முதல் 28 வரை. அடுத்தடுத்த ஊர்களுக்கு அடுத்தடுத்த சாவடி எண்கள் என்பதால், ஒரு சுற்று என்பது நிலப்பரப்பில் ஒரு மூலை. அந்த மூலையில் எந்தச் சமூகம் அதிகம், எந்த வேட்பாளரின் சொந்த ஊர் இருக்கிறது, அது நகரமா கிராமமா என்பதெல்லாம் அந்தச் சுற்றின் எண்ணில் அப்படியே இறங்கும்.

2024இல் தமிழ்நாட்டில் வாக்காளர்கள் சுமார் 6.23 கோடி, வாக்குச்சாவடிகள் சுமார் 68,000. பதிவானது 70 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் ஒரு சாவடிக்குச் சராசரியாக 630, 640 வாக்குகள். 14 மேசை சேர்ந்தால் ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9,000. ஆறு கூடங்களும் ஒரு சுற்றை முடித்தால் மக்களவைத் தொகுதிக்கு 53,000 அளவில். ஒரு தொகுதியில் மொத்தம் பதிவாவது சராசரியாக 11 லட்சம். அதனால் இருபது, இருபத்திரண்டு சுற்றுகள் ஆகின்றன. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும் என்று கொண்டால், முழு எண்ணிக்கை முடிய சிங்கப்பூர் நேரம் இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முன்னிலையைப் பாருங்கள். பத்துச் சுற்று முடிந்த நிலையில் ஒருவர் 20,000 வாக்கு முன்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எண்ண வேண்டியது 5.8 லட்சம் வாக்குகள். பின்தங்கியவர் மீதமுள்ள வாக்குகளில் மூன்றரை விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக வாங்கினால் போதும், சமன் ஆகிவிடும். இது ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் சாய்விலேயே நடக்கக்கூடியது. அதே 20,000 பதினெட்டாம் சுற்று முடிவில் இருந்தால் மீதம் 1.6 லட்சம்தான். அதில் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி கூடுதலாக வாங்க வேண்டும். அது அரிது. முன்னிலையின் அளவு மட்டும் எதையும் சொல்லாது. மீதமுள்ள வாக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள்.

மீதமுள்ள வாக்கைக் கண்டுபிடிப்பதும் எளிது. தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் தளத்தில் அந்தத் தொகுதியின் எல்லா வேட்பாளர்களும் நோட்டாவும் அதுவரை வாங்கியதைக் கூட்டுங்கள். பதிவான மொத்த வாக்குகளிலிருந்து கழியுங்கள். பதிவான மொத்தம் என்பதற்கு வாக்குப்பதிவு நாள் மாலையில் வரும் எண்ணை எடுக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 19 மாலையில் தமிழ்நாட்டில் 72 விழுக்காட்டைத் தாண்டியது என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் 69 விழுக்காட்டுச் சொச்சமாகக் குறைந்தது. மாலை எண் சாவடிகளிலிருந்து அவசரமாகத் திரட்டிய மதிப்பீடு. உறுதியான எண் சாவடித் தலைமை அலுவலர் படிவம் 17சியில் எழுதிக் கையெழுத்திட்டு, கட்சிகளின் பூத் ஏஜென்டுகளுக்கும் நகல் கொடுக்கும் கணக்கிலிருந்து வருவது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் ஆணையம் தொகுதிவாரியாக வாக்குகளின் எண்ணிக்கையையே வெளியிட்டது. அதைத்தான் எடுக்க வேண்டும்.

தொலைக்காட்சிகளின் எண்ணும் ஆணையத் தளத்தின் எண்ணும் பகல் முழுக்க ஒத்துப்போகாது. இதில் யாரும் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். செய்தியாளர்கள் கூடத்துக்கு வெளியே முகவர்களிடம் கேட்டு உடனே சொல்கிறார்கள். தளத்தில் ஏறுவது தேர்தல் நடத்தும் அலுவலர் சரிபார்த்துப் பதிவேற்றிய பிறகு. முன்னால் ஓடுவது தொலைக்காட்சி, நம்பத்தக்கது தளம். இரண்டையும் கலந்து ஒரு கணக்குப் போட்டால்தான் பிழை.

தபால் வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் எடுப்பது அதைத்தான். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள் தொடங்கும். தபாலில் வருவது தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள், படைவீரர்கள், 85 வயதைத் தாண்டியவர்கள், 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுள்ளவர்கள் ஆகியோரின் வாக்கு. தொகுதியின் பொது மனநிலையைக் காட்ட அதற்குத் தகுதி இல்லை. காலை 10.45க்குத் திரையில் தோன்றும் முதல் முன்னிலை பெரும்பாலும் இதுதான்.

2024இல் இரண்டு தொகுதிகள் இதற்கெல்லாம் நல்ல பாடம். தருமபுரியில் பாமகவின் சௌமியா அன்புமணி காலைச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்தார். முடிவில் திமுகவின் ஆ.மணி 21,300 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்தும் தருமபுரி மாவட்டத்தில் இருக்க, ஆறாவதான மேட்டூர் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த ஆறும் ஒரே குணம் கொண்டவை அல்ல, ஒரே வேகத்தில் எண்ணப்படுபவையும் அல்ல. விருதுநகரில் இன்னும் நெருக்கம். தேமுதிகவின் விஜய பிரபாகரன் பல சுற்றுகளில் முன்னால் இருந்து, கடைசியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் 4,379 வாக்கில் தோற்றார். 3,85,256க்கு 3,80,877. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் மதுரை மாவட்டத்தில் இருக்க, சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை மறுபுறம். நண்பகலில் அங்கே யாரையாவது வெற்றியாளர் என்று சொன்னவர்கள் ஊகத்தைத்தான் சொன்னார்கள். 2019இல் சிதம்பரத்தில் திருமாவளவன் வென்றது 3,219 வாக்கில். அதுவும் இரவு வரை இழுத்தது.

எல்லாச் சுற்றும் முடிந்தபின் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் ஐந்து சாவடிகளைத் தேர்ந்து, அவற்றின் விவிபேட் சீட்டுகளை (ஒவ்வொரு வாக்கும் பதிவாகும்போது அச்சாகி விழும் சீட்டுகள்) எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். மக்களவைத் தொகுதிக்கு முப்பது சாவடிகள். 2019இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு இது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் கேட்டால் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்க வழி செய்தது. பெரும்பாலான தொகுதிகளில் முடிவு தெரிந்தும் சான்றிதழ் கொடுக்கத் தாமதமாவது இந்தச் சீட்டு எண்ணிக்கையால்தான். வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால் அவற்றை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

விழுக்காட்டை எதால் வகுப்பது

எண்ணிக்கை முடிந்த மறுநாள் இன்னொரு வகைப் பிழை தொடங்குகிறது. கட்சிவாரி வாக்கு விழுக்காட்டுப் பட்டியல் வந்ததும், இது வளர்ந்தது, அது தேய்ந்தது என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலை நேரடியாகப் படிக்கவே முடியாது. காரணம், பெரிய கட்சிகள் பெரும்பாலும் 39 தொகுதிகளிலும் நிற்பதில்லை. கூட்டணி.

2024இல் பாஜக வாங்கியது மாநில அளவில் 11.24 விழுக்காடு. காங்கிரஸ் 10.67. ‘காங்கிரசை பாஜக முந்திவிட்டது’ என்ற செய்தி அப்படியே பரவியது. தாமரைச் சின்னம் நின்றது 23 தொகுதிகளில். கைச் சின்னம் நின்றது ஒன்பதில். நின்ற தொகுதிகளை மட்டும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால் காங்கிரசுக்கு 46 விழுக்காட்டை ஒட்டியும் பாஜகவுக்கு 19ஐ ஒட்டியும் வருகிறது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்த 46 காங்கிரசின் சொந்த வாக்கு அல்ல. 2014இல் காங்கிரஸ் தனியாக நின்றபோது கிடைத்தது நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஓர் இடமும் இல்லை. 2019இல் திமுக அணியில் ஒன்பது தொகுதிகளில் நின்று எட்டில் வென்றது, வாக்கு 12 விழுக்காட்டைத் தாண்டியது. ஐந்தாண்டில் கட்சி மும்மடங்கு வளர்ந்துவிடவில்லை. உதயசூரியன் வாக்காளர்கள் அந்த ஒன்பது தொகுதிகளில் கைக்குப் போட்டார்கள். அதேபோல் பாஜகவின் 19இல் அதன் கூட்டணியில் இருந்த பாமக, அமமுக, தமாகா வாக்காளர்களின் பங்கும் இருக்கிறது. ஒரு தேசியக் கட்சியின் தனி பலம் தமிழ்நாட்டில் எவ்வளவு என்பதற்கு மக்களவைத் தேர்தல் நேர்விடை கொடுப்பதில்லை. கொடுப்பதாகச் சொல்பவர்களிடம், எத்தனை தொகுதிகளால் வகுத்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆகவே கூட்டணி வாக்கைப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. 2024இல் திமுக அணி சுமார் 47 விழுக்காடு, அதிமுக அணி 23, பாஜக அணி 18, நாம் தமிழர் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடங்கள் 39, 0, 0, 0. திமுக 22 (உதயசூரியனில் நின்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி உட்பட), காங்கிரஸ் 9, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 2, விசிக 2, மதிமுக 1, முஸ்லிம் லீக் 1. புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பது. மேடைகளில் முழங்கும் ‘நாற்பதும் நமதே’ என்பதில் நாற்பதாவது புதுச்சேரி. அது தனி ஒன்றியப் பிரதேசம், அதன் வாக்கு தமிழ்நாட்டு விழுக்காட்டில் சேராது.

பாதிக்கும் குறைவான வாக்கில் ஏறக்குறைய எல்லா இடமும் என்பது முதல்முறை அல்ல. 2014இல் அதிமுக தனியாக நின்று 45 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்கில் 37 இடங்கள் பெற்றது. மீதி இரண்டில் கன்னியாகுமரி பாஜகவுக்கும் தருமபுரி பாமகவுக்கும் போயின. திமுக 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட வெல்லவில்லை. 2004இல் திமுக தலைமையிலான அணி 39ஐயும் எடுத்தது. 2019இல் 38. தேனி மட்டும் அதிமுகவுக்கு. 2009 மட்டும்தான் இந்த வரிசையில் சற்றுப் பங்கிட்ட தேர்தல்: திமுக அணி 27, அதிமுக அணி 12. சிங்கப்பூரில் பலர் ஒரே அணியாக நிற்கும் குழுத்தொகுதி முழுதாக ஒரு கட்சிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புதிதாக இருக்காது. ஆனால் அங்கே அணி ஒரே வாக்குச்சீட்டில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 39 தனித்தனிப் போட்டிகள் ஒரே பக்கம் சாய்கின்றன. சாய வைப்பது, எதிர்வாக்கு எத்தனை துண்டாக உடைந்தது என்பதே.

2024க்குப் பிறகு அதிகம் கேட்ட வாதம் இது: அதிமுக அணியின் 23ஐயும் பாஜக அணியின் 18ஐயும் கூட்டினால் 41, சேர்ந்து நின்றிருந்தால் நிலைமை வேறு. விருதுநகரில் அந்தக் கணக்கு கண்ணைப் பறிக்கும். அதிமுக அணியில் இருந்த தேமுதிக 4,379 வித்தியாசத்தில் தோற்ற தொகுதியில் பாஜகவின் ராதிகா சரத்குமார் 1,66,271 வாக்கு வாங்கினார். ஆனால் 2019ஐ எடுத்துப் பாருங்கள். அதிமுக, பாஜக, பாமக, தேமுதிக, தமாகா எல்லாம் ஒரே அணியில் நின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் 31 விழுக்காட்டை ஒட்டித்தான் வந்தது. கிடைத்தது ஓர் இடம். பிரிந்து நின்றபோது 41, சேர்ந்து நின்றபோது 31 என்றால், இந்த வாக்குகள் பைக்குப் பை மாற்றக்கூடியவை அல்ல என்பது தெரிகிறது. அதிமுகவுக்குப் போடும் சிறுபான்மை வாக்காளர் தாமரை சேர்ந்தால் போடுவாரா, பாஜகவுக்காகவே வந்த இளைஞர் இரட்டை இலைக்குப் போடுவாரா என்பது வேட்பாளரையும் ஊரையும் பொறுத்தது. சில தொகுதிகளில் கூட்டல் பலித்திருக்கலாம், மாநிலம் முழுக்க அல்ல. கூட்டிப் பார்த்தாலும் 41, 47க்குக் கீழேதான்.

சின்னமும் வரிசையும்

யார் தேசியக் கட்சி, யார் மாநிலக் கட்சி என்பது பேச்சுவழக்கில் ஒன்று, ஆணையத்தின் பட்டியலில் வேறு. 2024 தேர்தலின்போது தேசியக் கட்சிகள் ஆறு: பாஜக, காங்கிரஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், பகுஜன் சமாஜ், ஆம் ஆத்மி, தேசிய மக்கள் கட்சி. நூற்றாண்டை நெருங்கிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 2023 ஏப்ரலில் அந்த அங்கீகாரத்தை இழந்துவிட்டது. இது வெறும் பட்டம் அல்ல. அங்கீகாரம் இருந்தால் நிலையான சின்னம் கிடைக்கும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளர்கள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை.

அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னமே பெரும்பாடு. நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயிச் சின்னத்தை இழந்து 2024இல் மைக் சின்னத்தில் நின்றது. மதிமுகவுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை. துரை வைகோ திருச்சியில் தீப்பெட்டியில் நின்று வென்றார். வேட்புமனு திரும்பப்பெறும் நாள் மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. புதுச் சின்னத்தை மக்கள் மனத்தில் பதிய வைக்க மூன்று வாரம்கூட இல்லை. அந்த நிலையிலும் எட்டு விழுக்காட்டைத் தாண்டியதால் நாம் தமிழருக்கும், இரண்டு இடங்கள் வென்றதால் விசிகவுக்கும் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது. இது அந்தத் தேர்தலின் மெய்யான மாற்றங்களில் ஒன்று. 39க்கு 39 என்ற தலைப்புச் செய்தியின் நிழலில் பலர் கவனிக்காமல் விட்டது.

வாக்காளர் பொத்தான் அழுத்தும் பலகையான ஒரு வாக்கு அலகில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்தான் அடங்கும். கரூரில் 2024இல் 54 வேட்பாளர்கள். நோட்டாவோடு 55. ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் நான்கு அலகுகளை வரிசையாக வைத்தார்கள். கண் மங்கிய ஒரு பாட்டி தன் சின்னத்தை நான்கு பலகைகளில் தேட வேண்டும். ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் ஐந்து பேர் சுயேச்சைகள். பெயரால் குழப்பும் இந்த வேலை வாக்காளரை அவமதிப்பது, சட்டம் அதைத் தடுக்கத் தவறுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியிருந்தும் அவர் இரண்டாமிடம் வந்தார். வாக்காளர்கள் பெயரைவிடச் சின்னத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கிருந்து வாக்களிக்க

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எவரும், வேலை அனுமதியில் இருந்தாலும் நிரந்தரவாசியாக இருந்தாலும், தமிழ்நாட்டில் வாக்களிக்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்களுக்கு உரிமை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாக்குரிமை தராது. சிங்கப்பூரர்கள் வெளிநாட்டில் இருந்து தபாலில் வாக்களிக்க இப்போது வழி இருக்கிறது. இந்தியர்களுக்கு அது இல்லை, தூதரகத்திலும் வாக்குச்சாவடி இல்லை. ஊருக்குப் போய் நேரில்தான் போட வேண்டும்.

அதற்கு முதலில் வெளிநாட்டு வாக்காளராகப் பெயரைப் பதிய வேண்டும். அந்த விண்ணப்பம்தான் படிவம் 6ஏ. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950இல் 20ஏ பிரிவாகச் சேர்ந்தது இந்த உரிமை. ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலேயே நிரப்பலாம். வண்ணப் புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் விவரமும் இருக்கும் பக்கம், முகவரிப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றின் நகல் வேண்டும். இங்கே வேலை அனுமதி அட்டையாகவோ மின்னணு வடிவிலோதான் இருக்கும் என்பதால் அதன் நகலையும் நிரந்தரவாசிகள் தங்கள் அடையாள அட்டை நகலையும் சேர்த்துவிடுவது நல்லது. தபாலில் அனுப்பினால் எல்லாவற்றிலும் சுயசான்றுக் கையெழுத்து.

சிக்கல் பெரும்பாலும் முகவரியில் வருகிறது. பதிவு நடப்பது பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில். பாஸ்போர்ட்டை இங்கே புதுப்பிக்கும்போது சிங்கப்பூர் முகவரியைக் கொடுத்து அது கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்தால் படிவம் தடைபடும். புதுப்பிக்கும்போதே ஊர் முகவரியைக் கொடுங்கள். கதவு எண் மாறிய தெருக்களில் பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். விண்ணப்பம் போனபின் சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ‘அவர் இங்கே இல்லை’ என்று மட்டும் வீட்டார் சொன்னால் விண்ணப்பம் அதோடு நின்றுவிடலாம். ‘இது அவர் வீடுதான், சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வெளிநாட்டு வாக்காளராக விண்ணப்பித்திருக்கிறார்’ என்று சொல்லும்படி முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

வெளிநாடு வருவதற்கு முன் வாங்கிய வாக்காளர் அட்டை பலரிடம் இருக்கிறது. அந்தப் பழைய பதிவை வைத்துக்கொண்டே 6ஏவும் போடக் கூடாது. ஒருவருக்கு ஒரு பதிவுதான், பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பதிவு இன்னும் இருக்கிறதா என்பதே இப்போது கேள்வி. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கியிருந்தன. அதில் பெரும்பங்கு இடம்பெயர்ந்தவர் என்று குறிக்கப்பட்ட பெயர்கள். ஆண்டுக்கணக்கில் சிங்கப்பூரில் இருப்பவர் அந்தக் கட்டத்துக்குள் எளிதாக விழுந்துவிடுவார். பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய வழியில் சேர முயலாமல் 6ஏ வழியே போங்கள்.

வெளிநாட்டு வாக்காளருக்கு அட்டை தரமாட்டார்கள். சாவடிப் பட்டியலின் கடைசியில் தனிப் பிரிவாகப் பெயர் இருக்கும். சாவடியில் காட்ட வேண்டியது மூல பாஸ்போர்ட். நகலோ கைப்பேசிப் படமோ செல்லாது. நேரம் காலை 7 முதல் மாலை 6 வரை, ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு டோக்கன் கொடுத்து வாக்களிக்க விடுவார்கள்.

தேர்தல் அறிவித்தபின் விண்ணப்பித்தால் பெரும்பாலும் காலம் தாழ்ந்ததுதான். வேட்புமனுவுக்கான கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும், விசாரணைக்கும் ஆட்சேபத்துக்கும் அதற்கு முன்பே நாள் வேண்டும். 2024இல் அறிவிப்பு மார்ச் 16, மனுவின் கடைசி நாள் மார்ச் 27. இடையில் பதினோரு நாள். வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை விழுந்தது. அறிவிப்பு நாளிலேயே விடுப்புக் கேட்டுத் திருச்சிக்கோ மதுரைக்கோ பயணச்சீட்டு எடுத்தவர்களுக்குத்தான் கட்டுப்படியான விலை. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1.19 லட்சம் வெளிநாட்டு வாக்காளர்கள் பதிந்திருந்தும் வாக்களித்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அவர்களிலும் மிகப்பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். வளைகுடாவிலிருந்து அவர்கள் போகிறார்கள். நான்கு மணி நேரப் பறப்பில் திருச்சி இருக்கும் நம்மவர்கள் பெயரையே பதிவதில்லை. இது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒரு கட்டாயமான எச்சரிக்கை. இந்தியத் தேர்தலுக்காகச் சிங்கப்பூரில் கொடி பிடித்துக் கூடுவதும் அனுமதியின்றிக் கூட்டம் போடுவதும் பொது ஒழுங்குச் சட்டத்தில் சிக்கும். வேலை அனுமதியே பறிபோகலாம். ஆதரவை வாக்கில் காட்டுங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்பினால் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, வெளிநாட்டுப் பதிவை நீக்கிக்கொண்டு, படிவம் 6இல் சாதாரண வாக்காளராகச் சேர வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் இருப்பதால் 18 வயது நிறையும் பிள்ளைகளுக்கும் அப்போதே சேர்த்து விண்ணப்பித்துவிடலாம். உங்கள் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று பார்க்க விரும்பினால், தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அலுவலரின் தளத்தில் படிவம் 20ஐத் தேடுங்கள். சாவடி எண் தெரிந்தால் போதும்.